சினிமா பார்க்கலாமா? கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாலிபர் கூட்டத்தில் பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டு போடச் சொன்னால், ஏதாவது ஒரு சீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும்: “சினிமா பார்ப்பது பாவமா?” கேட்கிற பிள்ளைக்கு வழக்கமாக இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். “பாவம், விட்டுவிடு” என்பார்கள். இல்லையென்றால் “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை புதுப் படம் வருகிறது, வகுப்பே டிக்கெட் போடுகிறது, வாட்ஸப் குழுவில் “நீ வர்றியா?” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் இந்த இரண்டு பதில்களும் கைகொடுப்பதில்லை.

13 முதல் 19 வயது வரையுள்ள தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களில் சிலர் வீட்டில் டிவியே இருக்காது. சிலர் வீட்டில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மதியப் படம் ஓடும். சில கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் நாற்பது நாளும் தியேட்டர் பக்கம் போகமாட்டார்கள். உன் சபையின் வழக்கத்தை மாற்றச் சொல்வது என் வேலை இல்லை. நீ பார்ப்பதாக இருந்தால் விழிப்போடு பார்க்க வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன்: வேதம் கதையை எப்படிக் கையாளுகிறது

சினிமாவைப் பற்றி வேதத்தில் வசனம் கிடையாது. கதையைப் பற்றி ஏராளமாக இருக்கிறது. இயேசு உவமைகளால் போதித்தார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் நேராகக் குற்றத்தைச் சொல்லவில்லை. ஏழை ஒருவன் செல்லமாக வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னான். கேட்ட ராஜாவுக்குக் கோபம் மூண்ட பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்றான் (2 சாமுவேல் 12). நாம் பூட்டி வைத்திருக்கிற கதவைக்கூடக் கதை திறந்துவிடும். அதனால்தான் எந்தக் கதையை உள்ளே விடுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தானியேல் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். அதே தானியேல் ராஜாவின் போஜனத்தைத் தொடமாட்டேன் என்றான். பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியபோது, “உங்கள் புலவர்களிலும் சிலர்” சொன்னது என்று கிரேக்கக் கவிஞரின் வரியையே எடுத்துக் காட்டினார் (அப்போஸ்தலர் 17:28). இரண்டு பேரும் அந்நிய நாட்டுக் கலையையும் கல்வியையும் கண்டு ஓடவில்லை, வந்ததையெல்லாம் விழுங்கவும் இல்லை.

பிலிப்பியர் 4:8 எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பட்டியலில் முதலாவது நிற்பது “உண்மையுள்ளவைகளெவைகளோ” என்பது. சேற்றில் நிற்கிற மனிதனின் வலியை உண்மையாகக் காட்டுகிற படத்துக்கு அங்கே இடம் உண்டு என்று நான் நம்புகிறேன். வேதமே இருண்ட கதைகளைச் சொல்கிறது. நியாயாதிபதிகள் 19-ஐ வாசித்துப் பார், கை நடுங்கும். 2 சாமுவேல் 11-ல் பத்சேபாளின் கதை சொல்லப்பட்டிருக்கும் விதத்தைக் கவனி. பாவம் நடந்த இடத்தில் எழுத்து நின்று ரசிப்பதில்லை, ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. உரியாவின் சாவையும் தாவீதின் தந்திரத்தையும்தான் நீளமாகச் சொல்கிறது. கடைசியில் “தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது” என்று முடிக்கிறது. பாவத்தைக் காட்டுவது வேறு, பாவத்துக்குக் கைதட்ட வைப்பது வேறு. கீழே வருகிற படிகள் எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

படி 1: வீட்டில் பேசிவிடு

உன் வீட்டில் சினிமா வேண்டாம் என்று சொல்லியிருந்தால், ஒளிந்து பார்க்காதே. படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், “டியூஷன் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் அன்றைக்கு உள்ளே போவது பொய்தான். பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட கட்டளை எபேசியர் 6:1. அடுத்த சில வசனங்களில் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்கும் எழுதியிருக்கிறது. ஆகவே மரியாதையாகக் கேட்க உனக்கு இடம் உண்டு.

“எல்லாரும் போறாங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பார்: “அப்பா, இந்தப் படத்துக்கு யு சான்றிதழ். கதை இதுதான், விசாரிச்சுட்டேன். நீங்களும் கூட வர்றீங்களா? பார்த்துட்டு வந்து பேசலாம்.” விசாரித்துவிட்டு வந்து கேட்கிற பிள்ளையை அப்பா அம்மா வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அப்படியும் “வேண்டாம்” என்றால், வேண்டாம்தான். அதனால் நீ எதையும் இழந்துவிடப் போவதில்லை. சினிமாவே பார்க்காமல் ஆழமாக யோசிக்கிற, வாய்விட்டுச் சிரிக்கிற விசுவாசிகள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 2: சான்றிதழை வாசிக்கத் தெரிந்துகொள்

இந்தியாவில் திரையரங்குக்கு வருகிற ஒவ்வொரு படத்துக்கும் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி சான்றிதழ் வேண்டும். தருவது நாம் சென்சார் போர்டு என்று சொல்கிற மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். நடுவில் இருப்பது யு/ஏ. 2023-ல் வந்த சட்டத் திருத்தம் இந்த நடுப் பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது.

யு/ஏ 16+ என்றால் 15 வயதுப் பையனைத் தியேட்டரில் தடுத்து நிறுத்துவார்கள் என்று அர்த்தமில்லை. அது பெற்றோருக்கான அறிவுரை, முடிவெடுக்க வேண்டியது அவர்கள். ஏ மட்டும்தான் சட்டப்படி தடை. வயதை மாற்றிச் சொல்லி ஏ படத்துக்குள் நுழைவதைப் பெருமையாகப் பேசுகிற நண்பர்கள் இருப்பார்கள். உனக்கு அது வேண்டாம்.

ஓடிடியில் நிலைமை வேறு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அங்கேயும் இதே மாதிரி வயதுப் பிரிவுகள் உண்டு. அவற்றைக் குறிப்பது வாரியம் அல்ல, அந்தந்தத் தளமே. வன்முறை, பாலியல் காட்சி, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று என்னவெல்லாம் இருக்கிறது என்பதையும் தலைப்புக்குக் கீழே எழுத வேண்டும். படம் தொடங்கும்போது திரையின் மூலையில் சில நொடி தெரிந்து மறைகிற அந்த வரியை வாசிக்கப் பழகு. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. வீட்டுக் கணக்கில் அந்தப் பூட்டைப் போடச் சொல்லி நீயே அம்மாவிடம் கேட்கலாம். தம்பி தங்கை இருக்கிற வீட்டில் அண்ணன் அக்கா செய்யக்கூடிய நல்ல காரியம் அது.

சான்றிதழ் ரத்தத்தையும் உடலையும் கெட்ட வார்த்தையையும் கணக்கெடுக்கும். கதை உன்னை யாராக மாற்றப் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. யு வாங்கிய படத்திலும் பெண்ணை மட்டம் தட்டுகிற காமெடி இருக்கலாம். அந்த இடைவெளியை நீதான் நிரப்ப வேண்டும்.

படி 3: டிக்கெட் போடுமுன் விசாரி

டிரெய்லரை நம்பாதே, அது விற்பதற்காக வெட்டியது. படம் பார்த்த, உன் மனசு தெரிந்த ஒருவரிடம் கேள். இணையத்தில் ஐஎம்டிபி தளத்தில் பெற்றோருக்கான பகுதி ஒன்று உண்டு. எந்தக் காட்சியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள். காமன் சென்ஸ் மீடியா என்ற தளமும் வயதுவாரியாக விளக்கும், ஆனால் தமிழ்ப் படங்களுக்கு அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது. பத்து நிமிட வேலைதான். மூன்று மணி நேரம் உட்காரப் போகிறாய், அதற்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம்.

படி 4: உன் பலவீனம் எது என்று உனக்கே தெரிய வேண்டும்

ஒரே படம் ஒருவனை ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருப்பவனை ஒரு வாரம் தூங்கவிடாது. பேய்ப் படம் பார்த்தால் இருட்டில் எழுந்து பாத்ரூம் போக முடியாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்பா குடிப்பதால் வீட்டில் தினமும் சண்டை காண்கிற பெண்ணுக்கு, தியேட்டரே சிரிக்கிற டாஸ்மாக் காமெடி வயிற்றைக் கலக்கும். சிலருக்குக் கவர்ச்சிப் பாட்டு. சிலருக்குப் பொறாமை: வெளிநாட்டில் எடுத்த பாட்டையும் ஹீரோயின் வீட்டையும் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டைக் கண்டு வெட்கப்படத் தொடங்குவார்கள். இந்தப் பொறாமையைப் பற்றிப் பிரசங்கத்தில் யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ பிறருடையதை இச்சியாதே என்கிற பத்தாம் கட்டளையைத்தான் சினிமா அதிகமாகச் சோதிக்கிறது என்று தோன்றுகிறது.

யோபு “என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்” என்கிறார் (31:1). உடன்படிக்கை என்றால் முன்கூட்டியே எழுதி வைப்பது. அதையே நீயும் செய். உன் வேதப் புத்தகத்தின் பின்பக்கத்திலோ டைரியிலோ “நான் பார்க்கமாட்டேன்” என்று இரண்டு மூன்று வகைகளை எழுதி வை. அழைப்பு வந்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் அழைப்புதான் ஜெயிக்கும்.

இன்னொன்று: உனக்குப் பிரச்சினை இல்லாத படம் உன் நண்பனுக்குப் பிரச்சினையாக இருக்கலாம். மாம்சம் என் சகோதரனுக்கு இடறலானால் அதை நான் சாப்பிடமாட்டேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஞானஸ்நானம் எடுத்துப் புதிதாக வந்த ஒரு தம்பி சினிமாவை விட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னால், அவனைக் கேலி செய்து தியேட்டருக்கு இழுக்காதே.

படி 5: திருட்டுப் பிரதி வேண்டாம்

டெலிகிராம் லிங்கில் வேதக் கதைப் படத்தை இறக்கிப் பார்க்கிற கிறிஸ்தவ இளைஞர்கள் இருக்கிறார்கள். இயேசுவைப் பற்றிய படமாகவே இருக்கட்டும், அப்படிப் பார்த்தால் திருடாதே என்கிற கட்டளை அங்கேயே உடைகிறது. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவருக்கும் பரப்புபவருக்கும் 2023 திருத்தம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாயில் தொடங்கி தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ஒரு படத்தில் லைட் பிடிப்பவர், சாப்பாடு போடுபவர், தையல்காரர் என்று நூற்றுக்கணக்கானவர்களின் கூலி அடங்கியிருக்கிறது. கூலிக்காரனின் கூலியைப் பற்றி யாக்கோபு 5:4 என்ன சொல்கிறது என்று ஒருமுறை திறந்து பார். காசு இல்லையென்றால் காத்திரு, கொஞ்ச நாளில் டிவியில் வரும்.

படி 6: பார்க்கும்போது, எதற்குக் கைதட்டச் சொல்கிறார்கள் என்று கவனி

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், கொஞ்சம் நிதானமாக வாசி.

இன்டர்வெலுக்கு முன்னால் வருகிற ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். ஹீரோ மெதுவாகத் திரும்புகிறான். அரங்கமே அதிரும்படி பின்னணி இசை எழும்புகிறது. இருபது பேர் விழுகிறார்கள். அந்த இருபது பேரில் ஒருவனுக்காவது பெயர் இருந்ததா? அவனுக்கு அம்மா இருந்தாளா? கேமரா அவன் முகத்தில் ஒரு நொடியாவது நின்றதா? நீ விசில் அடிப்பதற்காகவே அவனை முகமில்லாதவனாக ஆக்கியிருக்கிறார்கள். தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்று ஆதியாகமம் 1:27 சொல்லும் மனிதன் அங்கே வெறும் பொம்மை. “பழிவாங்குதல் எனக்குரியது” என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற நாம், இரண்டரை மணி நேரம் பழிவாங்குதலுக்காக ஏங்கி உட்கார்ந்திருக்கிறோம். வன்முறை உள்ள எல்லாப் படமும் இப்படியல்ல. கொலை நடந்த வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கிறது என்று காட்டுகிற படங்களும் உண்டு. விழுந்தவனுக்காக நீ வருத்தப்பட்டால், அந்தப் படம் உன்னிடம் உண்மை பேசுகிறது.

சிகரெட் காட்சியையும் பார். “புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு” என்ற வரி திரையின் அடியில் சின்னதாக ஓடுகிறது. 2012 முதல் இந்தியத் திரைகளில் இது கட்டாயம். மேலே, ஹீரோ தீக்குச்சியைக் கிழிக்கிற சத்தத்துக்கே தனி இசை. எழுத்து ஒன்று சொல்கிறது, இசை வேறொன்று சொல்கிறது. உன் மனசில் எது தங்குகிறது? எல்லாப் படத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். வசனத்தில் நீதி பேசுவார்கள். ஒளியும் இசையும் மெதுவான ஓட்டமும் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால்தான் படத்தின் உண்மையான நீதி தெரியும்.

காதல் படங்களில் கவனிக்க வேண்டியது முத்தக் காட்சி மட்டும் என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அதைவிட ஆழமாகப் பதிகிற ஒன்று இருக்கிறது. பெண் “பிடிக்கவில்லை” என்கிறாள். பையன் பஸ் ஸ்டாப்பில், கல்லூரி வாசலில், வீட்டு வாசலில் பின்னாலேயே வருகிறான். கடைசியில் அவள் சிரிக்கிறாள், பாட்டு ஆரம்பிக்கிறது. இது பல காலமாகத் தமிழ்த் திரையில் காதல் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016-ல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, சினிமா இதில் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறது என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. தம்பிமார்களே, ஒரு பெண் “வேண்டாம்” என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அன்பு “அயோக்கியமானதைச் செய்யாது, தற்பொழிவை நாடாது” என்று 1 கொரிந்தியர் 13 சொல்கிறது. திரையில் காதலைக் காணும்போதெல்லாம் அந்த அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார். தங்கச்சிமார்களே, விடாமல் தொடர்வது ஆழமான காதலுக்கு அடையாளம் என்று எந்தப் படமும் உங்களை நம்ப வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

காமெடியில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்? கறுப்பானவர், குண்டானவர், திக்கிப் பேசுகிறவர், திருநங்கை. அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை வகுப்பறைக்கு வந்துவிடும்.

பேய்ப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிலுவையைக் காட்டியதும் பேய் அலறுகிற காட்சியைப் பார்த்துச் சிலுவையை ஒரு தாயத்து மாதிரி நினைத்துவிடாதே. துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் கிறிஸ்து சிலுவையில் வெற்றிசிறந்தார் என்று கொலோசெயர் 2:15 சொல்கிறது. ஜெயித்தது அவர், மரத்துண்டு அல்ல. அப்படிப்பட்ட படங்களில் பிசாசுக்குத்தான் நேரமும் பலமும் அதிகம். தேவன் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்து போகிறார். பயம் உன்னைப் பிடித்துக்கொள்கிற ஆளாக இருந்தால், இந்த வகையையே மொத்தமாக விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

படி 7: நடுவில் எழுந்து வரத் தயங்காதே

எவ்வளவு விசாரித்துப் போனாலும் சில நேரம் தவறான இடத்தில் உட்கார்ந்திருப்போம். எழுந்து வெளியே போய் பாப்கார்ன் கடைப் பக்கம் நில். நண்பர்கள் கேட்டால் “எனக்கு இது ஒத்துவரல, நீங்க பார்த்துட்டு வாங்க” என்று சொன்னால் போதும். அங்கே நின்று பிரசங்கம் வேண்டாம். டிக்கெட் காசு போய்விட்டதே என்று உட்கார்ந்திருந்தால் காசோடு சேர்த்து வேறொன்றும் போகும். வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம், ரிமோட் உன் கையில்.

படி 8: பார்த்த பிறகு பேசு. ஓர் உதாரணம்

திரும்பி வரும் பஸ்ஸிலோ சாப்பாட்டு மேஜையிலோ மூன்று கேள்வி கேட்டுப் பார். படம் எதை நல்லது என்றது? எந்த இடத்தில் பொய் சொன்னது? எனக்குள்ளே எதைத் தூண்டிவிட்டது?

1981-ல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற ஆங்கிலப் படத்தை வைத்து இதைச் செய்து பார்ப்போம். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய இரண்டு பேரின் கதை. ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான எரிக் லிடெல், பின்னாளில் சீனாவுக்குப் போன மிஷனரி. மற்றவர் ஹாரோல்ட் ஆப்ரஹாம்ஸ், யூதர். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் லிடெல் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 நொடியில் தங்கம் வாங்கினார். ஆப்ரஹாம்ஸ் 100 மீட்டரில் தங்கம் வென்றார்.

முதல் கேள்வி: படம் எதை நல்லது என்கிறது? மனசாட்சிக்காகப் புகழை விடுவதை. நமக்குக் கைதட்டத் தோன்றும், தட்டலாம். ஆனால் ஆப்ரஹாம்ஸ் ஏன் அவ்வளவு வெறியோடு ஓடுகிறார் என்பதையும் பார். யூதர் என்பதால் பட்ட அவமானம் அவர் காலுக்குள் இருக்கிறது. அந்த அவமானத்தைக் கொடுத்தவர்கள் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவ கனவான்கள். சபைக்குள்ளேயே சாதி பார்க்கிற நம்மூரில் இருந்துகொண்டு இந்தப் பாதியைக் கவனிக்காமல் விட்டால், படத்தில் பாதியைத்தான் பார்த்தோம் என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி: எங்கே உண்மை வளைந்தது? கப்பல் ஏறுகிற நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி லிடெலுக்குத் தெரிவதாகப் படம் காட்டும். உண்மையில் மாதக்கணக்கில் முன்பே தெரியும், அதனால்தான் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க முடிந்தது. படத்தில் வருவது ஒரு நொடித் தீர்மானம். வாழ்க்கையில் நடந்தது மாதக்கணக்கில் தினமும் காலையில் எழுந்து ஓடியது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. உண்மைச் சம்பவம் என்று போட்டால் படம் முடிந்ததும் போய்த் தேடிப் பார்க்கிற பழக்கம் நல்லது. தேடினால், லிடெல் 1945-ல் சீனாவில் ஜப்பானியர் வைத்த தடுப்பு முகாமில் இறந்தார், கடைசி நாட்களில் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார் என்பதும் தெரியவரும்.

மூன்றாவது கேள்வி உனக்கானது. பரீட்சையோ மேட்சோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் என்ன செய்வேன்? இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ரோமர் 14:5 வாசித்து, உன் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசிப் பார்.

படி 9: இயேசுவைப் பற்றிய படங்களையும் சோதித்துப் பார்

கிறிஸ்தவப் படம் என்றதும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறோம். 1948-ல் ‘ஞான சௌந்தரி’ என்ற ஒரே பெயரில், ஒரே கதையோடு இரண்டு தமிழ்ப் படங்கள் வந்தன. “அருள் தாரும் தேவ மாதாவே” பாட்டு அவற்றில் வெற்றி பெற்ற படத்தில்தான். நாடகமாக ஊரூராக நடந்த கதை அது, வேதத்தில் உள்ள கதை அல்ல. 1978-ல் விஜயசந்தர் இயேசுவாக நடித்து வந்த ‘கருணாமயுடு’ தெலுங்குப் படத்தை ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார்கள். பலருக்கு இயேசு என்றால் இன்றும் அந்த முகம்தான் நினைவுக்கு வரும். அங்கேதான் கவனம் வேண்டும். படம் ஒரு முகத்தை மனசில் ஒட்டிவிடும், பிறகு சுவிசேஷத்தை வாசித்தாலும் அந்த முகமே பேசும்.

2019 முதல் வந்துகொண்டிருக்கும் ‘தி சோசன்’ தொடரில் மத்தேயு ஆட்டிசம் உள்ளவராகச் சித்தரிக்கப்படுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது, மனசைத் தொடுகிறது. சுவிசேஷத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதலில் அதிகாரத்தை வாசி, பிறகு காட்சியைப் பார், பிறகு எது எழுத்தில் உள்ளது, எது எழுதியவரின் கற்பனை என்று பென்சிலால் குறி. நம் இளைஞர் சிலர் இப்படிச் செய்ய ஆரம்பித்து மாற்கு முழுவதையும் வாசித்து முடித்தார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சினிமா பிறந்து நூறு ஆண்டு ஆனதை ஒட்டி 1995-ல் வத்திக்கான் 45 படங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் மத்தேயு சுவிசேஷத்தை அப்படியே வசனமாக வைத்து 1964-ல் இத்தாலியில் எடுத்த படமும் இருக்கிறது. இயக்கிய பசோலினி ஒரு மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நம்பாதவர் எடுத்த படத்தைத் திருச்சபையே பாராட்டியது. படம் யார் எடுத்தது என்பதோடு அது என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

படி 10: பாட்டு, ரீல்ஸ், ரசிகர் சண்டை

படத்தையே பார்க்காதவர்களும் அதன் பாட்டைப் பார்த்துவிடுகிறார்கள், பதினைந்து நொடித் துண்டுகளாக. படத்துக்கு முடிவு உண்டு, ரீல்ஸுக்கு இல்லை. போனை இரவு படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடு, அடுத்த வீடியோ தானாக ஓடுவதை அமைப்பில் நிறுத்து. ஞாயிறு காலை ஆராதனையில் கண் சொருகினால் சனி இரவில் என்ன நடந்தது என்று பார்.

நடிகரின் நடிப்பை ரசிப்பதில் தவறில்லை. அவருடைய கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும், அவருக்காக இன்னொருவரின் தாயைத் திட்டிக் கமெண்ட் போடுவதும் முற்றிலும் வேறு. “விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக” என்று யோவான் எழுதியது நமக்கும் சேர்த்துத்தான்.

படி 11: கை மீறிப் போயிருந்தால்

சினிமாவில் தொடங்கி ஆபாச வீடியோவில் போய் நிற்கிற பிள்ளைகள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள், பையன்களும் பெண்களும். உனக்கு அப்படி என்றால், நீ ஒருவன் மட்டும் இல்லை, நீ கெட்டுப்போனவனும் இல்லை. தனியாகப் போராடாதே. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்: அப்பா, அம்மா, அக்கா, ஆயரம்மா, ஞாயிறு பள்ளி ஆசிரியர். 1 யோவான் 1:9-ஐக் கையில் வைத்துக்கொண்டு போ. சொல்லிவிட்ட அந்த நாளில்தான் விடுதலை தொடங்குகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

யாராவது பெரியவர் அப்படிப்பட்ட படத்தை உனக்குக் காட்டினாலோ அனுப்பினாலோ, அது உன் பாவம் அல்ல. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-இன் கீழ் அது அவர் செய்த குற்றம். அவர் சபையில் மதிப்புள்ளவராக இருந்தாலும் அப்படித்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம்.

படி 12: வாலிபர் கூட்டத்தில் ஒரு படம் போடுவதாக இருந்தால்

வீட்டு ஓடிடி கணக்கு வீட்டுக்கு மட்டும்தான். சபை மண்டபத்தில் திரையிட வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தாங்களே அனுமதி தருகிற கிறிஸ்தவத் தயாரிப்பாளர்களும் உண்டு, எழுதிக் கேட்டுப் பார்.

பொறுப்பாளர் முன்னாடியே தனியாக முழுப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். பெற்றோருக்குப் படத்தின் பெயர், சான்றிதழ், எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிடு. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு உடனே ஜெபம் செய்து அனுப்பிவிடாதே. அரை மணி நேரமாவது பேச விடு. வட்டமாக உட்காருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகளை முதலில் பேசச் சொல், ஆயர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். “யாருடைய பக்கத்தைப் படம் காட்டவே இல்லை?” என்ற கேள்வியில் தொடங்கு, கூச்சமுள்ளவர்களும் அதற்கு வாய் திறப்பார்கள்.

சினிமா வேண்டாம் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். படத்தின் கதையை அவர்களுக்கு வாயால் சொல்லி, பேச்சு நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள், பெற்றோரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். திரையின் வெளிச்சமும் இசையும் இல்லாமல் வெறும் கதையாகக் கேட்டவர்கள் கேட்கிற கேள்விகள், பார்த்தவர்களுக்குத் தோன்றாதவையாக இருக்கும்.